தகரப் பெட்டியில் பிறை பார்த்தது

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்தில் முதலாவது பிறையைக் கண்டேன். நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். திரையின் மூலையில் அது ஓடிக்கொண்டிருந்தது. பிறை நீலத் தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடந்தது. நடுவில் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள். வலப்பக்கத்தில் தோன்றி, மெல்ல இடப்பக்கமாக நகர்ந்து, விளிம்பில் மறைந்தது. பின்னால் இன்னும் இரண்டு வந்தன.

“மீன்,” என்றார் மச்சான்.

எனக்கு அப்போது பத்து வயது. கல்முனைக்குடிக் கரையிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டத்தில், வாப்பாவின் அலுமினியப் போட்டின் நடுப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி வாப்பா. அவருக்குப் பக்கத்தில், புதிதாகப் பூட்டிய திரைக்கு முன்னால் குந்தியிருந்தவர் மச்சான், என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை. என்னைக் கூட்டி வந்ததற்கு இரண்டு காரணங்கள். திரையில் எழுத்தெல்லாம் இங்கிலீஷில் வந்தது. மச்சானுக்கு மின்கம்பி தெரிந்த அளவுக்கு எழுத்துத் தெரியாது. மற்றது, அவர்கள் இருவரும் நேராகக் கதைத்துக்கொள்வதில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு ராத்தாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டு, வாப்பாவும் உம்மாவும் நானும் பின்பக்கத்து இரண்டு அறைகளுக்கு மாறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. புது மருமகன் மாமனாரின் முன்னால் அதிகம் கதைக்கமாட்டார். மாமியாரின் முன்னால் கதைக்கவே மாட்டார். ஆகவே, கறிக்கு உப்புக் காணுமா என்பதிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் காணுமா என்பது வரை எல்லாச் செய்தியும் என் வழியாகவே போய் வந்தது. கதவுக்குப் பின்னால் நின்று, “தேத்தண்ணிக்குச் சீனி போதுமா எண்டு கேளு புள்ள” என்பார் உம்மா. மச்சான் அதைக் கேட்டபடியே கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பச் சொன்ன பிறகுதான் தலையாட்டுவார்.

போட் சுனாமிக்குப் பிறகு யாரோ வெளிநாட்டுக்காரர் கொடுத்தது. கரையில் இருந்த மற்ற எல்லாம் ஃபைபர். எங்களுடையது மட்டும் வெறும் அலுமினியம், பெயின்ட் கூட இல்லை. நடுப்பகலில் பார்த்தால் கண் கூசும். அதற்குக் கடற்கரையில் இருந்த பெயர் தகரப் பெட்டி. வாப்பா அதில் பன்னிரண்டு பார்களுக்குப் போய் வருவார். பார் என்பது கடலுக்கடியில் மீன் ஒதுங்கும் பாறைத் திட்டு. பள்ளிவாசல் மினாராவையும் அதற்குப் பின்னால் தூரத்து மலை முனையையும் ஒரே கோட்டில் கொண்டு வந்தால் ஒரு பார். தண்ணீர்த் தாங்கிக்கு நேராக மினாரா வந்தால் இன்னொரு பார். பனிப்புகார் மூடி மினாரா மறைந்த நாளில் பாரும் இல்லை, மீனும் இல்லை.

மச்சான் கட்டாரில் ஏழு வருடம் இருந்தவர். பணக்காரர்களின் சின்னக் கப்பல்களுக்கு விளக்கும் கருவிகளும் பூட்டும் வேலை. கலியாணத்துக்காக வந்தவரை அந்தக் கொம்பனி திரும்பி வரச் சொல்லி ஒருமுறை போன் எடுத்துவிட்டது. அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். போவாரா, நிற்பாரா என்ற கேள்வியை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ராத்தா மட்டும் அவருடைய கடவுச்சீட்டு இருந்த மேசை லாச்சியை அடிக்கடி திறந்து மூடினார்.

அவர் நிற்க நினைத்தார் என்பதற்கு அடையாளம் அந்தப் போட்தான். பழைய டோர்ச் லைட்டும் ஒரு றேடியோவும் தவிர அதில் ஒன்றும் இருந்ததில்லை. அவர் பன்னிரண்டு நாள் கரையிலேயே கிடந்து வேலை செய்தார். பட்டரிக்கு மூடி போட்ட நீலப் பெட்டி. ஆழமும் மீனும் காட்டும் திரை, அதற்குள்ளேயே ஜி.பி.எஸ். அடியில் சேரும் தண்ணீரைத் தானாக இறைக்கும் சின்ன மோட்டர். எல்லாம் பின்பக்கத்திலேயே, எஞ்சினுக்குக் கைக்கெட்டும் தூரத்தில். கம்பிகள் சாம்பல் நிறக் குழாய்க்குள் போயின. ஒவ்வொரு ஆணிக்கும் அடியில் றப்பர் வளையம் வைத்தார்.

“ஒரு கம்பியும் போட்டுட உடம்புல படப்படாது. வாப்பாட்டச் செல்லுங்க,” என்றார் என்னிடம்.

“கம்பி படப்படாதாம் வாப்பா.”

“கேட்டன்,” என்றார் வாப்பா.

பக்கத்து மீன்வாடிக்காரர் ஒருவர் வலையைத் தோளில் போட்டபடி வந்து நின்றார். “என்ன காக்கா, தகரப் பெட்டிக்கு டீவி பூட்டிரிக்காம்? நாடகம் எத்தின மணிக்கி?” அன்று மாலை மோட்டர் முதன்முதலாகத் தண்ணீரைத் துப்பியபோது, அந்த வாடிக்காரர் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா என்று வாப்பா திரும்பிப் பார்த்தார்.

அந்தக் காலைக்கு வருகிறேன். வாப்பா மினாராவையும் மலை முனையையும் சேர்த்துப் போட்டை மெல்ல ஓட்டினார். திரையில் அதுவரை தட்டையாக ஓடிய அடிக்கோடு மெல்ல எழும்பத் தொடங்கியது. முதலில் ஒரு மேடு, பிறகு பிளந்த குன்று, அதன் உச்சியில் புகை மாதிரி ஏதோ. மஞ்சளும் செம்மண் நிறமுமாக, நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்க, ஒரு ஊர் எங்களுக்குக் கீழால் நடந்து போவது போல இருந்தது. போட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரும் என் முகமும்தான் தெரிந்தன. திரும்பித் திரையைப் பார்த்தால் அங்கே குன்று.

வாப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு முன்னால் குனிந்தார். இருபத்தாறு வருடம் தூண்டில் கயிற்றால் மட்டும் தொட்ட இடம் அது.

“இதுக்கு மேலாலதானா நான் இவ்வளவு காலமும் போய் வந்த?” என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியாததால் நான் அதை எவரிடமும் கொண்டுபோகவில்லை.

அப்போதுதான் பிறைகள் கூட்டமாக வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக இருபது, முப்பது. நோன்புப் பெருநாளைக்கு ஒரேயொரு பிறையைக் காண ஊரே மேற்கைப் பார்த்து நிற்கிறதே, இங்கே வந்து பார்த்தால் என்ன என்று கேட்டேன். வாப்பா சிரித்தார். மச்சானும் சிரித்தார். நான் நடுவில் ஒன்றும் கொண்டுபோகாமல் இருவரும் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது. நான் அந்தப் பாருக்கு இங்கிலீஷ் எழுத்தில் PIRAI என்று பெயர் தட்டிப் பதிந்தேன்.

அடுத்த வாரம் உம்மா இறக்காமத்தில் ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் போய் வந்தார். வரும்போது அங்கிருந்த ஒரு லெப்பையிடம் ஓதி எழுதிய இரண்டு தகடுகள் வாங்கி வந்திருந்தார். வாப்பாவுக்குத் தகடு, நூல் எதுவும் ஆகாது. அல்லாஹ் போதும் என்பார். அதனால் உம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

“ஒண்டு போட்டுக்கு. நடுப் பலகைக்குக் கீழ வெய்யி. எழுத்துப் பக்கம் போட்டுல பட்டிரிக்கணும், துணி மேலால. மச்சான்ட கால் இஞ்சயே நிலைக்கட்டும். வாப்பாக்குச் செல்லாத.”

பின்னேரம் அஸர் தொழுகைக்கு வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் நான் வைத்தேன். துணியைப் பிரித்தபோது தகடு வெயிலில் சிவந்து மினுங்கியது. தங்கம் என்று நினைத்தேன். சொன்னபடியே எழுத்துப் பக்கத்தை அலுமினியத்தோடு சேர்த்து, துணியால் மூடி, நகராமல் இருக்கச் சின்னக் கல் ஒன்றும் வைத்தேன். வாப்பாவையும் மச்சானையும் சேர்த்து வைக்கும் வேலையில் நான் கெட்டிக்காரி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மூன்று மாதம் நன்றாகப் போனது. புகார் மூடிய நாட்களிலும் தகரப் பெட்டி பாருக்குப் போய் வந்தது. முன்பு சிரித்த வாடிக்காரர் ஒருநாள் வந்து, திரையை இரண்டு கைகளாலும் மறைத்து வெயிலை விலக்கிப் பார்த்துவிட்டுப் போனார். கட்டாரிலிருந்து இரண்டாவது போன் வந்தபோது, இப்போது வரமுடியாது என்று மச்சான் சொன்னது சுவர் வழியாக எங்கள் அறைக்குக் கேட்டது. ராத்தாவுக்கு அப்போது வயிற்றில் இரண்டு மாதம். உம்மா என்னைப் பார்த்தார். நான் உம்மாவைப் பார்த்தேன்.

நான்காவது மாதம், தண்ணீர் இறைக்கும் மோட்டர் கடலில் அடிக்கடி ஓடத் தொடங்கியது. பிறகு ஓய்வில்லாமல் ஓடியது. ஒருநாள் பாருக்கு மேலே பட்டரி செத்து, திரை கறுத்துவிட்டது. வாப்பா எஞ்சினைக் கயிறு இழுத்துக் கிளப்பி, பழையபடி மினாராவைப் பார்த்துக் கரைக்கு வந்தார். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். மச்சான் ஒரு வாரம் கம்பி கம்பியாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றிலும் பிழை இல்லை. நாளைக்குப் பலகைகளைக் கழற்றி அடியைப் பார்க்கப்போகிறார்கள் என்று ராத்தா சொன்னதும் உம்மாவின் முகம் மாறியது. வாப்பா தகட்டைக் கண்டுவிடுவார்.

அன்று பின்னேரம் உம்மா என்னை அனுப்பினார். பலகைக்கு அடியில் கையை விட்டு எடுத்தேன். துணி ஈரமாக, பச்சைக் கறை பிடித்து இருந்தது. தகடு இருந்த இடத்தில், உள்ளங்கையளவு, வெள்ளைத் தூள். கடலுப்பு என்று நினைத்தேன். துப்புரவாக இருக்கட்டும் என்று ஊதிவிட்டு, பாவாடை நுனியால் துடைத்தேன். தகட்டை வாய்க்காலில் போட்டேன்.

மறுநாள் நடுப் பலகைக்குக் கீழே ஓட்டை அகப்பட்டது. ஊசிக் கண்ணளவு. சுற்றிலும் அலுமினியம் அம்மைத் தழும்பு விழுந்தது போல அரிக்கப்பட்டிருந்தது. நெல் ஏற்றும் டிரக்டர் பெட்டியில் போட்டை ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டு போனோம். அலுமினியம் ஒட்டத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். அவர் ஓட்டையில் விரலை வைத்துத் தடவிவிட்டு நிமிர்ந்தார்.

“செம்பு பட்ட தழும்பு இது. உப்புத் தண்ணிக்குள்ள செம்பும் அலுமினியமும் ஒண்டா இரிந்தா அலுமினியத்தத் திண்டுரும். என்ன செம்பு வெச்ச?”

எல்லோரும் கருவிகள் பூட்டிய பின்பக்கத்தைப் பார்த்தார்கள். கம்பிக்குள் இருப்பது செம்பு என்று எனக்குக் கூடத் தெரியும். நானும் பார்த்தேன்.

“நான் கம்பி படவுடல்ல மாமா,” என்றார் மச்சான். வாப்பாவிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வசனம். “நடுவுக்குக் கம்பியே போகல்ல.”

“பட்டரி கரண்ட் உடம்பெல்லாம் ஓடும் தம்பி,” என்றார் ஒட்டுகிறவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

வாப்பா நெடுநேரம் ஓட்டையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மச்சான்ட்டச் செல்லு மகள். சாமானெல்லாம் கழட்டட்டும்.”

மச்சான் ஒரு முழம் தள்ளி நின்றார். அவருக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் வழக்கப்படி நான் திரும்பி, அவரைப் பார்த்துச் சொன்னேன்.

“சாமானெல்லாம் கழட்டட்டுமாம் மச்சான்.”

அவர் தலையாட்டினார்.

மூன்றாவது போன் அந்த மாதமே வந்தது. மச்சான் கட்டாருக்குப் போன அன்று திரையைத் துணியில் சுற்றி என்னிடம் தந்தார். வீட்டு மின்சாரத்தில் அதை ஓடவைக்க முடியாது என்பது எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் அதைக் கட்டிலுக்கடியில் வைத்து, கறுத்த கண்ணாடியில் பிறை வருமா என்று பார்த்தேன். ராத்தாவுக்கு மகன் பிறந்தான். அவன் தன்னுடைய வாப்பாவை முதன்முதலாகக் கண்டபோது அவனுக்கு மூன்றரை வயது. பயந்து என் பின்னால் ஒளிந்து, அவர் கேட்டதற்கெல்லாம் என் காதில்தான் பதில் சொன்னான்.

போன வருடம் உம்மாவின் அலுமாரியை அடுக்கிக் கொடுத்தேன். அடித்தட்டில், ராத்தாவின் கலியாணச் சேலைக்குக் கீழே, வெள்ளைத் துணிச் சுற்று ஒன்று இருந்தது. இறக்காமத்திலிருந்து வந்த இரண்டாவது தகடு. ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. விரலால் தேய்த்தேன், சிவப்பாகத் தெரிந்தது. செம்பு.