கீரைச் சுமைக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

“இன்ஜினியரம்மா, நீங்க மாட்டுன லைட்டு அணைஞ்சு போச்சாம். வாங்க, வந்து பதில் சொல்லுங்க.”

கடையின் முன்பக்கத்திலிருந்து செல்வம் அண்ணன் குரல் கொடுத்தார். அவர்தான் எங்கள் சைக்கிள் கடை முதலாளி. நான் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து, எது எரியாவிட்டாலும் இன்ஜினியரம்மா, எல்லாம் எரிந்தால் வெறும் பாப்பா.

எனக்கு இந்தத் தொழிலில் ஒன்றே முக்கால் வருட அனுபவம். அனுபவக் குறிப்பு எழுத இது போதுமா என்று கேட்பீர்கள். ஒரே சைக்கிளுக்கு டெயில் லைட்டை மூன்று தடவை மாட்டியிருக்கிறேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதல் தடவை: டைனமோ

அந்த சைக்கிள் பாண்டியம்மாவுடையது. கீழக்குயில்குடியில் கீரை போடுகிறவர். வெளிச்சம் வருவதற்கு முன்பே கேரியரில் கீரை மூட்டையைக் கட்டிக்கொண்டு உழவர் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். அவர் எங்களிடம் வருவதற்கு முந்தைய வாரம், பின்னால் வந்த ஒரு வேன் அவரை உரசிவிட்டுப் போயிருக்கிறது. விழவில்லை. ஆனால் வீட்டில் பெரிய சண்டை.

“என் மவன் சைக்கிள விக்கப் போறேங்குறான் பாப்பா. பின்னாடி வாரவனுக்குத் தெரியுற மாதிரி லைட்டு இருந்தா விட்டுருவானாம். இல்லேன்னா கீரைய வயல்லயே ஏவாரிக்கிட்டக் குடுத்துட்டு நான் வீட்ல உக்காரணுமாம். உக்காந்து என்ன செய்ய? சந்தையில எனக்கு அம்புட்டுப் பேரத் தெரியும். இங்க டிவியில ஒருத்தியக்கூடத் தெரியாது.”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. டைனமோவா பேட்டரியா என்பது எனக்குப் பிடித்த பாடம். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், என்ன டயர் என்று மூன்று கேள்வி கேட்டேன். பில் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினேன். பேட்டரி லைட் என்றால் சார்ஜ் போட மறந்த அன்றைக்கு இருட்டு. டைனமோ என்றால் டயரில் ரோலர் உரசும், அதிலேயே கரண்ட் வரும். சக்கரம் சுற்றுகிறவரை விளக்கு எரியும். மிதிக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான்.

“கால்ல பலம் இருக்கு, மாட்டு” என்றார் பாண்டியம்மா.

முன்னால் ஒரு ஹெட்லைட், பின்னால் மட்கார்டில் ஒரு எல்இடி டெயில் லைட். எங்கள் கடையில் புதிதாக எதை மாட்டினாலும் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் வெளியே அனுப்புவோம். செல்வம் அண்ணன் விரலில் சந்தனத்தோடு நேராக டைனமோவின் தலைக்குப் போனார். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

“அண்ணே, அது ரோலர். சந்தனம் பட்டா வழுக்கும். ஹேண்டில்பார்ல வைங்க.”

“சாமி காரியத்துக்கும் சர்க்யூட் பாக்குறா பாரு” என்று பாண்டியம்மாவிடம் சொல்லிவிட்டு ஹேண்டில்பாரில் வைத்தார். அன்றைக்கு முழுவதும் நான் பெரிய ஆள்.

நான்காம் நாள்தான் மேலே சொன்ன அழைப்பு.

இரண்டாம் தடவை: பேட்டரி

வந்திருந்தது பாண்டியம்மாவின் மகன் கார்த்தி. கம்பெனியில் ஷிப்ட் முடிந்த கையோடு அதே சட்டையில் வந்திருந்தான்.

“மேடம், ரெண்டு நாளா பைக்குல அம்மா பின்னாடியே போனேன். ஓட்டுறப்ப லைட்டு எரியுது. மேம்பாலம் ஏறுறப்ப செத்துப்போகுது.”

“ஏன்? வேகம் குறைஞ்சாலும் மினுக்மினுக்குன்னாவது வரணுமே?”

“வேகமா? அம்புட்டுச் சுமைய வச்சு ஆரு மிதிப்பா? அந்த ஏத்தத்துல அம்மா இறங்கி உருட்டிக்கிட்டுத்தான் போகும். மூச்சு வாங்க ரெண்டு தடவ நிக்கும். அந்த எடத்துலதான் வேன்காரன் ஒரசுனான்.”

நான் போட்ட கணக்கெல்லாம் ஓடுகிற சைக்கிளுக்கு. ஆபத்து நடந்ததோ சைக்கிளை உருட்டுகிற இடத்தில். எங்கே உரசியது என்ற ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். மூன்று கேள்வியில் அது இல்லை.

“ஞாயித்துக்கெழம சைக்கிளப் பாக்க ஆள் வாராங்க மேடம்” என்றான் கார்த்தி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. “எனக்கு மட்டும் ஆசையா? அம்மா கிளம்பிப் போனதுலருந்து போன் வார வரைக்கும் எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது.”

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலமே பாண்டியம்மா சைக்கிளோடு வந்தார். யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் பேட்டரி லைட் ஒன்றை எடுத்தேன். நின்றாலும் எரியும், உருட்டினாலும் எரியும். அதன் பிடி ரப்பர் வளையம், குழாயில்தான் உட்காரும். சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் மாட்டினேன். மட்கார்டைவிட உயரம், தூரத்திலிருந்தே தெரியும் என்று எனக்குப் பெருமை வேறு.

“சார்ஜ் போட மறந்துருவீங்களா?”

“போனுக்கு நான் மறக்குறேனா? அதோட சேத்து இதையும் குத்திப்புடுறேன்.”

செல்வம் அண்ணன் ஒன்றுதான் சொன்னார்: “இந்தத் தடவ கடையில நின்னு சர்டிபிகேட் குடுக்காத. போய்ப் பாத்துட்டு வா.”

மூன்றாம் தடவை: மேம்பாலத்தில்

சனிக்கிழமை விடிவதற்கு முன் என் ஸ்கூட்டியில் மேம்பாலத்தின் அடிவாரத்தில் போய் நின்றேன். ஒத்தைத் தெருவிளக்கு, ஒரு டீக்கடை. பாண்டியம்மா வந்தார், முன்னால் டைனமோ விளக்கு பளிச்சென்று. என்னைத் தாண்டிப் போய், ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டத் தொடங்கினார். டைனமோ விளக்குகள் அணைந்தன. பின்னாலிருந்து பார்க்கிறேன்.

ஒன்றுமே தெரியவில்லை.

ஓடிப்போய் நிறுத்தினேன். லைட் அணையவில்லை, அருமையாக எரிந்துகொண்டிருந்தது. கீரை மூட்டைக்கும் சீட்டுக்கும் நடுவில், கீரைக்கு மட்டும் தெரிகிற மாதிரி. பாதி ஆள் உயர மூட்டை அதை முழுக்க மறைத்துவிட்டது. கடைக்கு யாரும் சுமையோடு வருவதில்லை. வெறும் சைக்கிளைப் பார்த்துத்தான் நான் இடம் பிடித்திருந்தேன்.

“என்ன பாப்பா, இதுவும் செத்துப்போச்சா?”

“இல்லம்மா, உயிரோடதான் இருக்கு. ஆனா யாருக்கும் தெரியல.”

அதற்குள் கார்த்தியும் பைக்கில் வந்துவிட்டான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, “அப்ப நாளைக்கு வாரவங்கள வரச் சொல்லிரவா?” என்றான்.

“ரெண்டு நிமிஷம் குடு தம்பி” என்று லைட்டைக் கழற்றினேன். எங்கே மாட்டுவது? மட்கார்டில் இந்த வளையம் நிற்காது. மூட்டை ஈரச் சாக்கு, பிடிப்பே இல்லை. கையால் தடவிக்கொண்டே மூட்டையின் பின்பக்கம் போனேன். விரலில் இறுக்கமாக ஒன்று தட்டியது. ரப்பர்.

சுமையைக் கட்டியிருந்த பழைய டியூப்! இந்தப் பக்கத்தில் கேரியரில் மூட்டை வைக்கிற எல்லோரும் கிழித்த டியூபால்தான் இழுத்துக் கட்டுகிறார்கள். எங்கள் கடையிலேயே வாங்கிப் போவார்கள். சுமை பெரிதானாலும் சிறிதானாலும், கடைசியாக வெளியே இருப்பது அந்த டியூப்தான். லைட்டின் வளையத்தை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டினேன். அசைத்துப் பார்த்தேன். பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

“தம்பி, நீ கீழ போய் நின்னு பாரு.”

கார்த்தி பைக்கைத் திருப்பிக்கொண்டு இறங்கினான். பாண்டியம்மா சைக்கிளை உருட்டினார், நின்றார், மறுபடி உருட்டினார். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“தெரியுதாடா?”

“தெரியுது.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. பெறகு வேற கத சொல்லுவ.”

“தெரியுதும்மா. டீக்கடையையும் தாண்டி வந்துட்டேன். இங்கயும் தெரியுது.”

“இப்ப நிக்கிறேன். இப்ப?”

“இப்பயும். அவங்கள நாளைக்கு வர வேணாம்னு சொல்லிர்றேன். நீ பாத்துப் போ.”

பாண்டியம்மா போனை இடுப்பில் செருகினார். “இவனுக்கு நான் பாத்துப் போகணுமாம். சந்தைக்கு நேரமாச்சு பாப்பா, தள்ளு” என்று ஏற்றத்தைப் பார்த்து மூச்சைப் பிடித்தார். நானும் பின்னாலிருந்து தள்ளினேன்.

கற்றுக்கொண்டது

டைனமோவா பேட்டரியா என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். பாதையைப் பார்க்க முன்னால் டைனமோ போதும். நிற்கும்போது பாதை தேவையில்லை. பின்விளக்கு பிறர் கண்ணுக்கானது, நாம் நிற்கும்போதுதான் அதற்கு அதிக வேலை. அடிக்கடி நின்று உருட்டுகிறவர்களுக்குப் பேட்டரிதான். இடைவிடாமல் மிதிக்கிறவர்கள் டைனமோவே போட்டுக்கொள்ளலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் எதுவாக இருந்தாலும் சைக்கிளை வெறுமனே கொண்டுவராதீர்கள், தினமும் ஏற்றுகிற சுமையோடு வாருங்கள் என்று கடை வாசலில் எழுதிப் போட்டிருக்கிறேன். போன வாரம் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேரியர் கூடையில் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு வந்து நின்றார். நான் பின்னால் போய்க் குனிந்து லைட்டுக்கு இடம் பார்ப்பதற்குள், ஒரு குட்டி என் பில் புத்தகத்தில் பாதியைத் தின்றுவிட்டது.

“போர்ட எடுத்துரு இன்ஜினியரம்மா” என்றார் செல்வம் அண்ணன். “அடுத்து மாட்டோட வருவாய்ங்க.”

எடுக்கவில்லை.