தூக்கிக்கொண்டு போகத் தோதான செட்

என் வீட்டுக்காரரின் ரேடியோ செட்டைப் பொலிஸில் வாங்கி வைத்துக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னுடைய குசினிக்குள் குடிவந்துவிட்டார்.

அவர் தந்திக் கந்தோரில் முப்பது வருடம் தட்டி ஓய்ந்தவர். லைசென்ஸ் எடுத்து வீட்டில் ஒரு செட் வைத்திருந்தார். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. பொழுதுபோக்காக இதை வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். "நான் பேசுவது கேட்கிறதா?" என்று ஒருவர் கேட்பார். "கேட்கிறது, நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா?" என்று மற்றவர் கேட்பார். இரண்டு பேருக்கும் கேட்டுவிட்டால் பெரிய சந்தோஷம். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது. கலியாணம் கட்டி நாற்பது வருடத்தில் என்னிடம் அந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு தமிழன் வீட்டில் மைக்கும் கம்பியும் இருந்தால் யாருக்குத்தான் நித்திரை வரும்? நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால், மறுநாளே செட்டைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். நிலைமை தணிந்ததும் திருப்பித் தருவார்கள். அந்தப் பழைய செட் அம்மிக்கு அண்ணன். மூன்று முறை ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு போனோம், மூன்று முறை ஏற்றிக்கொண்டு வந்தோம். இரண்டாம் முறையே அவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. நாலாம் முறை போனது, பொலிஸில் ஈரத்தில் கிடந்து உள்ளுக்குள் பூஞ்சணம் பிடித்துச் செத்துப்போனது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பார். பருப்புக்கு உப்புப் போட்டால் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். வெங்காயத்தை ஒரே அளவாக வெட்டினால் ஒரே நேரத்தில் வேகும் என்று எனக்குப் படிப்பித்தார். மிளகு, சீரகம் என்று சரக்குப் போத்தல்களுக்கெல்லாம் இங்கிலிஷில் துண்டு எழுதி ஒட்டினார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலிஷ் எழுத்து எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி. போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த இடத்தையும் அந்தத் துண்டுகள் மறைத்துக்கொண்டன.

பிறகு சமாதானப் பேச்சு என்று தொடங்கினார்கள். வீதிக்கு வீதி துவக்கோடு நின்ற சென்றிகள் குறைந்தன. அனுமதி கொடுக்கிற கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரே ஒரு செட் வாங்கலாம். மாத முடிவுக்குள் வாங்கி, செட்டையும் பில்லையும் கொண்டுவந்து காட்டி, நம்பரைப் பதிந்துகொள்ள வேண்டும். தவறினால் அனுமதி ரத்து. திரும்பவும் எழுதிப்போட்டு இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பதோ. அவருக்கு அது ரேடியோ. எனக்கு அது குசினி.

மனிதர் மூன்று கிழமையாகப் படம் பார்த்தார். யார் யாரிடமோ வாங்கிய விளம்பரப் புத்தகங்களைக் கட்டிலில் பரப்பி வைத்து, இது உயரம், அது அகலம், இதற்குக் குரல் நல்லது, அதற்குச் சூடு கூட என்று கொப்பியில் கோடு போட்டார். எனக்கும் விளக்கம் சொன்னார். அவர் தேடுவது காரில் பூட்டுகிற சின்னச் செட்டாம். எங்களிடம் சைக்கிள்கூட இல்லையே என்றேன். பற்றரி வைத்தால் மேசையிலும் வேலை செய்யுமாம். ஒரே பெட்டியில் இரண்டு பாண்ட், அதாவது இரண்டு அலைவரிசை, இருக்குமாம். இரண்டிலும் மாறி மாறிப் பேசலாமாம், ஒன்றில் நெரிசல் என்றால் மற்றதுக்குத் தாவலாமாம். எனக்கு விளங்கியது: முன்கதவும் பின்கதவும் உள்ள வீடு.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, பொம்பிளை பாத்தது போதும். தாலியைக் கட்டுங்கோ."

"இது அவசரப்பட்டு எடுக்கிற சாமான் இல்லை."

"என்னை எத்தினை நாள் பாத்து எடுத்தனீங்கள்?"

"உம்மையோ? ஒரு பின்னேரத்தில பாத்து முடிச்சது."

"அதுதான் இந்த முறை கவனமா இருக்கிறீங்களாக்கும்."

அவர் எழும்பினார். சப்பாத்தைத் தேடினார்.

கொட்டாஞ்சேனைக்கு பஸ் எடுத்தோம். வழியில் ஓரிடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள், ஏற்றினார்கள். நாங்கள் போன கடை ஒரு முஸ்லிம் நாநாவுடையது. முன்னுக்கு ஃபேனும் டோர்ச் லைட்டும் விற்பார். பின்னுக்கு ஒரு பூட்டிய அலுமாரி. அவரும் இந்தப் பேசுகிற ரேடியோக்காரர்தான், இவருக்குப் பழைய சிநேகிதம். அப்படியிருந்தும் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார்.

மூன்று செட் மேசைக்கு வந்தன. முதலாவது ஐம்பது வொட். நல்ல உடம்பு. பின்னால் ஒரு குட்டி ஃபேன் சுற்றியது. இரண்டாவதற்கு முகம் கழலும். முகத்தை முன்னுக்கு வைத்து, உடம்பைச் சீட்டுக்குக் கீழே ஒளித்து வைக்கலாம் என்று நாநா பெருமையாகச் சொன்னார். தலை ஒரு இடத்திலும் முண்டம் ஒரு இடத்திலும் கிடக்கிற ரேடியோவைச் சோதனைக்கு வருகிறவன் கண்டால் என்ன நினைப்பான் என்று நான் கேட்டேன். நாநா அதை மெல்ல அலுமாரிக்குள் திருப்பி வைத்தார். மூன்றாவது, பேக்கரியில் வாங்குகிற ஒரு இறாத்தல் பாணைப் பாதியாக வெட்டினால் எவ்வளவோ அவ்வளவுதான். வொட்டும் பாதிதான்.

இவர் முதலாவதைத் தூக்கினார். வைத்தார். மூன்றாவதைத் தூக்கினார். வைத்தார். முதலாவதுக்குப் போனார். எங்களுக்குப் பிளேன்டீ வந்தது, குடித்து முடிந்தது. நாநா தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்தார். இவர் அதே இடத்தில் நின்றார்.

"ஐம்பது வொட் எண்டா தூரம் போகும்" என்று தனக்குத்தானே சொன்னார்.

"இஞ்சேருங்கோ" என்றேன். "நாளைக்குத் திரும்பவும் கொண்டுவந்து தரச் சொன்னால், இதில எதைத் தூக்கிக்கொண்டு போவீங்கள்?"

 சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய கொப்பியில் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கவில்லை. அவர் கை தானாக இடுப்புக்குப் போனது.

நாநா பெருமூச்சு விட்டார். "அக்கா செல்றதுதான் சரி. சின்னத எடுங்க."

சின்னதை எடுத்தோம்.

இத்தோடு நான் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். வீட்டுக்குப் புதுச்சாமான் வந்தால் நான் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டேன். ஃபிரிட்ஜுக்கு வைத்தேன், தையல் மெஷினுக்கு வைத்தேன், மருமகன் வாங்கித் தந்த மிக்சிக்கும் வைத்தேன். செட்டின் முகத்தில் வைக்கப் போனபோது இவர் பதறித் தடுத்தார். எழுத்து வருகிற கண்ணாடியாம். சரி என்று, அவர் குளிக்கப் போன நேரம் செட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் வெள்ளையாக ஒரு துண்டு ஒட்டியிருந்தது, எறும்பு எறும்பாக எழுத்து. விலைச்சீட்டு என்று நினைத்தேன். பொட்டு வைக்கத் தோதான நெற்றி மாதிரி இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள், கடைசி நாளைக்கு முதல்நாள், இருவரும் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி மீசைவைத்த சிங்கள மனிதர். கடிதத்தைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், பில்லில் எழுதியிருந்த நம்பரில் விரலை வைத்துக்கொண்டு மற்றக் கையால் செட்டைத் திருப்பினார்.

"அம்மே, மேக்க மொகத?" என்றார். இது என்ன என்று என்னைத்தான் கேட்டார். பொட்டு வைத்தது ஆம்பிளையாக இருக்காது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

நான் விலைச்சீட்டு என்று நினைத்ததுதான் செட்டின் நம்பர். அதில் பின்பாதி காய்ந்த சந்தனத்துக்குள் போய்விட்டது. நம்பர் மறைத்த ரேடியோவோடு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தமிழன் வந்து நிற்கிறான்.  இவர் இங்கிலிஷில் விளக்கம் சொல்லத் தொடங்கி, பொட்டுக்குச் சொல் கிடைக்காமல் நடுவழியில் நின்றுவிட்டார். அதிகாரி பேனையை மூடி வைத்தார்.

எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், நான்தான் வைத்தேன், இவருக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் வைப்போம் என்றேன். ஏன் என்று கேட்டார். கண்ணூறு படாமல் இருக்க என்றேன். இந்த ரேடியோவில் யார் கண்ணூறு போடப் போகிறார்கள் என்று கேட்டார். முதலில் நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள் மாத்தயா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. செட்டை என் பக்கம் தள்ளி, துடைக்கச் சொன்னார். இவர் தண்ணீர் தேடி அங்கும் இங்கும் பார்த்தார். தண்ணீர் பட்டால் துண்டு ஊறிக் கிழியும். நான் கொண்டையில் விரலை அழுத்தி எடுத்தேன். காலையில் வைத்த தேங்காயெண்ணெய் வேண்டிய மட்டும் இருந்தது. அந்த விரலால் மெல்ல மெல்லத் தேய்த்து, சேலைத் தலைப்பால் ஒற்றினேன். எறும்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அதிகாரி பில்லைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். கடைசி இலக்கத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார். எனக்கு அந்த நேரம் குசினி முழுக்க மனக்கண்ணில் வந்து போனது.

சரியாக இருந்தது. பேனையைத் திறந்தார். கையெழுத்து வைத்துக்கொண்டே, தன்னுடைய மோட்டார் சைக்கிளில் மனைவி தேசிக்காயும் மிளகாயும் கட்டிவிட்டிருக்கிறாள், நம்பர் பிளேட்டில் கட்டாமல் விட்டது நல்லகாலம் என்றார். அப்போதுதான் மீசை கொஞ்சம் அசைந்தது.

அன்று பின்னேரமே முன்னறை மேசையில் பற்றரியும் செட்டும் ஏறிவிட்டன. இவர் மைக்கைப் பிடித்துத் தன் அடையாளத்தைச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்சநேரம் இரைச்சல். பிறகு கொட்டாஞ்சேனை நாநாவின் குரல், பக்கத்து வீட்டிலிருந்து கதைக்கிற மாதிரி. கேட்கிறதா என்றார் இவர். கேட்கிறது என்றார் அவர். இனிப் பேச ஒன்றும் இருக்காது என்று நான் நினைத்தேன்.

"அந்த அம்பது வொட் இன்னும் விக்கல்ல" என்றார் நாநா. "நேத்து ராவு நானே போட்டுப் பாத்தேன். என்னா ஒரு தெளிவு."

இவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "ஃபேன் சத்தம் உங்களுக்கு இடைஞ்சல் இல்லையோ?"

அவ்வளவுதான். எடுத்தது சரியா, விட்டது சரியா என்று இரண்டு பேரும் தொடங்கிவிட்டார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. குசினிக்கு வந்து கதவைச் சாத்தினேன். இரவுக்குப் புட்டு அவித்தேன். மாவுக்கு எவ்வளவு தண்ணீர் தெளித்தாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. கொஞ்சம் கூடத்தான் தெளித்துவிட்டேன், கட்டிபட்டுப் போனது. அதை யாருக்கும் அறிவிக்கவில்லை.