பாய் பதிந்து கொடுத்த அலைச்சத்தம்

காலை ஆறரைக்கு வீட்டுத் தொலைபேசி அடித்திருக்கிறது. என் மனைவி செல்வி எழுப்பிக் கையில் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த மணிச் சத்தமும் என் காதுக்குள் இருக்கும் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்று. எது எதுவென்று பிரித்துச் சொல்ல எனக்கு வராது. கொஞ்சம் நன்றாகக் கேட்கும் வலது காதில் வைத்தேன். நம் சூப்பர்வைசர் பேசினார். "தண்டபாணி, இஸ்மாயில் பாய் போயிட்டாருப்பா. பள்ளிவாசல்ல இருந்து வந்து டீ கேட்டிருக்காரு. டீ வர்றதுக்குள்ள நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சிட்டாராம்."

கூட வேலை செய்தவன் இறந்துவிட்டான் என்று கேட்டதும் ஒரு மனிதனுக்கு முதலில் என்ன தோன்ற வேண்டும்? உங்களுக்கெல்லாம் ஐயோ என்றிருந்திருக்கும். எனக்கு, 'பாய்க்கு நின்றுவிட்டது' என்றுதான் தோன்றியது. ஒன்பது வருடமாக எங்கள் இருவர் காதிலும் விசிலடித்துக்கொண்டிருந்தது அன்று காலை அவருக்கு மட்டும் நின்றுபோயிற்று. இதிலும் மனிதர் முந்திக்கொண்டாரே என்று வயிறு எரிந்தது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். உண்மையில், பேசினால் என்ன சொல்லித் தொலைப்பேனோ என்ற பயம். அதனால் எழுதுகிறேன். தகடு அடிக்கும் நம் தட்டாஞ்சாவடி பிரஸ் ஷாப்பில் எதிரெதிர் மிஷினில் நின்ற எங்களை உங்களுக்குத் தெரியும். எங்களுக்குள் இருந்தது உங்களுக்குத் தெரியாது.

அந்த ஆயுத பூஜை நாள் நினைவிருக்கிறதா? மிஷின்களை எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு நின்றோம். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஷாப்பில் எந்தத் தகடும் அடிபடாது. கற்பூரம் ஏற்றும் நேரம், எங்கேயோ காற்றுக் குழாய் ஒழுகும் சத்தம் எனக்குக் கேட்டது. "எவன்டா ஏர் லைன மூடாம வந்தவன்?" என்று கத்திவிட்டு, குவளையில் சோப்புத் தண்ணீர் கலந்துகொண்டு ஒவ்வொரு இணைப்பாக ஊற்றிப் பார்க்கப் போனேன். ஒழுகும் இடத்தில் நுரை குமிழ் விடும், அதுதானே நம் வழக்கம். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் ஒரு குவளையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "எனக்கும் கேக்குது பாணி. அந்தப் பக்கம் நான் பாக்கறேன், இந்தப் பக்கம் நீ பாரு" என்றார்.

அரை மணி நேரம் தேடினோம். ஒரு குமிழ் வரவில்லை. கடைசியில் சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், கம்ப்ரசர் நேத்து சாயங்காலத்துல இருந்து ஆஃப்ல கெடக்குது. இன்னாத்தய்யா தேடறீங்க?" நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒழுகுவது எங்கள் தலைக்குள் என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. இத்தனை வருட இடிச்சத்தத்தில் அது எப்போது உள்ளே வந்ததோ, கவனிக்கவே இல்லை.

அரசு ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். எனக்குத்தான் எப்போதும் கேட்கிறதே. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். சோதனை செய்யும் பெண் கதவைத் திறந்து, "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றாள். பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அங்கேயே கோபம். டாக்டர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். பாயின் கோடு என் கோட்டைவிடக் கீழே இறங்கியிருந்தது. காதும் அவருக்குத்தான் அதிகம் போயிருந்தது, இரைச்சலும் அவருக்குத்தான் அதிகம் என்றார் டாக்டர். இதை நான் மறந்ததே இல்லை.

"இத நிறுத்த மாத்திரை கிடையாது. ஷாப்புல காத அடைச்சிக்கிட்டு நில்லுங்க. வீட்டுல ஒரேயடியா நிசப்தத்துல உக்காராதீங்க, மெல்லிசா எதனா ஒரு சத்தம் பக்கத்துல இருக்கட்டும். போகப் போக மனசு அதக் கண்டுக்காது" என்றார் டாக்டர். பாய் பள்ளிக்கூடப் பையன் போலத் தலையாட்டினார். நான், மாத்திரை இல்லாத டாக்டர் என்ன டாக்டர் என்று கிளம்பி வந்து, பூண்டு காய்ச்சிய எண்ணெயிலிருந்து மந்திரித்த கயிறு வரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எண்ணெய் விட்டதில் காதில் சீழ் வைத்ததுதான் மிச்சம்.

பாய் அந்தச் சத்தத்துக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். "வீட்டோட மாப்பிள்ளை பாணி இவன். வந்துட்டான், தொரத்த முடியாது. சண்ட போட்டா நமக்குத்தான் சோறு எறங்காது. ஒரு ஓரமா உக்கார வச்சிட்டு நம்ம வேலையப் பாக்கணும்." மிஷின் ஓடும்போது நாம் கையால்தானே பேசுவோம், கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ, சட்டைக் காலரைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். பாய் அதில் ஒன்று சேர்த்தார். காதோரம் மீசை முறுக்கிக் காட்டினால், 'இன்று மாப்பிள்ளை அதிகம் துள்ளுகிறார்' என்று அர்த்தம். தினமும் காலையில் எதிரில் நின்று என்னைப் பார்த்து முறுக்குவார், சிரித்துக்கொண்டே. அப்புறம் நாள் முழுக்கப் பாட்டு முணுமுணுத்தபடி தகடு அடிப்பார். மத்தியானம் சாப்பாட்டு மூட்டையைத் தலைக்கு வைத்து, பத்து நிமிடத்தில் குறட்டை விடுவார். அந்தக் குறட்டையைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். இரைச்சலில் ராத்தூக்கம் இல்லாமல், கொட்டாவி விட்டுக்கொண்டு, கண் எரிந்துகொண்டு. எழுந்து ஒரு மிதி மிதிக்கலாம் போல இருக்கும்.

என் வீட்டு நிலவரம் அப்போது யாருக்கும் தெரியாது. மிக்சி ஓடினால் தட்டை வீசுவேன். பிள்ளைகள் சிரித்தால் அறைவேன். தூங்காதவன் மனிதனே இல்லை. ஒருநாள் செல்வி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாகூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "பாய்க்கும்தானே இரையுது? அவரு பொண்டாட்டி புள்ளைங்கள அடிச்சிக்கிட்டா கெடக்கறாரு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த மனிதரின் பெயரைக் கேட்டாலே எனக்குக் குமட்டியது. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்கள். அவருக்கும் வந்திருந்தது. வந்தும் அவர் நன்றாக இருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

செல்வி போனதை எப்படியோ தெரிந்துகொண்டு, அன்று சாயங்காலமே சைக்கிள் கேரியரில் ஒரு மேசை விசிறியைக் கட்டி, அரியாங்குப்பத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார் பாய். பழைய விசிறி, லேசாகக் கரகரக்கும். "இத உன் பக்கம் திருப்பாத. செவுத்தப் பாக்க வச்சிட்டுப் படு. மாப்பிள்ள சத்தத்துக்குக் கொஞ்சம் கீழயே இருக்கட்டும். அவன அடக்கப் பாக்காத, அவனுக்குப் பக்கத்துல ஒரு ஆள் உக்கார வை. அவ்ளோதான்." அன்று நான் ஆறு மணி நேரம் தூங்கினேன். ஒரு வாரத்தில் செல்வி திரும்பி வந்தாள்.

ஷாப்பில் பாய் ஓடி வந்து கேட்டார். "எப்படி பாணி, வேலை செஞ்சுதா?" அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரீட்சை முடிவு கேட்கிற முகம். நான் உதட்டைப் பிதுக்கினேன். "எனக்கெல்லாம் சரிப்படல பாய். உங்களுது சின்ன சத்தம், அடங்கிடுது. என்னுது அப்படியா?" என்றேன். டாக்டர் மேசையில் இரண்டு தாள்களையும் பார்த்தவன் நான். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவர் முகம் வாடியதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இருந்தது.

அதிலிருந்து அதுவே வாடிக்கையாகிவிட்டது. அவர் ஒன்று கண்டுபிடித்துச் சொல்வார். நான் யாருக்கும் தெரியாமல் செய்து பார்ப்பேன். பலன் இருக்கும். 'சரிப்படல பாய்' என்பேன். சாயங்காலக் காபியை விடச் சொன்னார், விட்டேன். இரைச்சலை நிமிடத்துக்கு நிமிடம் சோதித்துப் பார்க்காதே என்றார், நிறுத்தினேன். காதடைப்பான் போடச் சொல்லி உங்கள் எல்லோரையும் நச்சரித்தாரே, அதை மட்டும் வீம்புக்கு ஆறு மாதம் போடாமல் நின்றேன்; பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அதன் உள்ளே போட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைச்சாவடிக் கடற்கரைக்கு இழுத்துப் போனார். கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் நிழலில் உட்கார்ந்தோம். அலை வந்து கல்லில் அடித்து இழுத்துக்கொண்டு போனது. சிறிது நேரத்தில் என் காதில் எதுவுமே இல்லை. கடல் மட்டும்தான் இருந்தது. அத்தனை வருடத்தில் முதல் முறை. எனக்குக் கண்ணில் நீர் கட்டியது. "கேக்குதா இன்னும்?" என்றார். "உப்புக் காத்து கண்ண எரிக்குது பாய். வாங்க போலாம்" என்றேன்.

அவர் விடவில்லை. "நீ ஊருக்கு அந்தக் கோடியில இருக்க. தெனமும் இங்க வர முடியுமா? அதான் ஒத்து வரல" என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் மச்சினனின் டேப்ரிக்கார்டரை வாங்கிக்கொண்டு தனியாகப் போய், அலைச்சத்தத்தை ஒரு கேசட்டில் பதிந்து வந்தார். கடலைப் பேட்டி எடுக்கப் போன பாய் என்று நீங்கள் கிண்டல் செய்தது நினைவிருக்கிறதல்லவா? அது எனக்காகத்தான்.

முதல் ஷிப்ட் முடிந்து வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் அந்தக் கேசட்டைப் போட்டுப் படுப்பேன். செல்வி அங்கன்வாடி வேலையிலிருந்து வருவதற்குள் எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன். அவளுக்குத் தெரிந்தால் பாயிடம் சொல்லிவிடுவாளே. அலை வரும், போகும். நடுவில் ஓர் இடத்தில் காகம் ஒன்று கத்தும். அந்தக் காகத்தைத் தாண்டி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் தூங்கியிருப்பேன்.

கொடுத்த மறுநாள் கேட்டார். "கேசட்டு கேட்டியா? கடைசி வரைக்கும் கேட்டியா?"

"கடைசி வரைக்கும் கேட்டேன் பாய். ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு திரும்பி நின்று தொப்பியைக் கழற்றித் தட்டினார். தோள் குலுங்கியது, இருமுகிறார் என்று நினைத்தேன். "சரி, இன்னும் கொஞ்ச நாள் கேளு" என்றார். அதற்கப்புறம் ஒரு வருடம், வாரத்துக்கு ஒருமுறையாவது அதே கேள்வி, அதே பதில். புதிதாக வேறு எதையும் அவர் கொண்டுவரவில்லை. ஆள் கடைசியில் தோற்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கத்தன்று மூன்று கைப்பிடி மண் போட்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனபோது, அவர் மகள் ஷமீமா தேநீர் கொடுத்தாள். "பாணி மாமா, அத்தா உங்களுக்குக் குடுத்த கேசட்ட கடைசி வரைக்கும் கேட்டீங்களா?" என்று கேட்டாள். பழக்கதோஷம், "கேட்டேம்மா" என்றேன். அவளும் அப்பனைப் போலவே என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "அத்தா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு மாமா" என்று சொல்லிவிட்டு, முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேசட்டைப் போட்டேன். அலை வந்தது. காகம் கத்தியது. அதைத் தாண்டி வெகு நேரம் வெறும் அலை. பக்கம் முடியும் நேரத்தில் மணலில் யாரோ நகர்ந்து உட்காரும் சத்தம். பிறகு பாய், மைக்கில் வாயை வைத்து ரகசியம் போல:

"பாணி. இது உனக்குக் கேக்குதுன்னா நீ இன்னும் தூங்கலன்னு அர்த்தம். அப்ப இதுவும் சரிப்படல. நாளைக்கு ஷாப்புல வந்து, 'இன்னா பாய் கடைசியில உளறி வச்சிருக்கீங்க'ன்னு திட்டு. வேற எதனா பாப்போம்."

அப்புறம் பொத்தான் மேலே எழும்பிய சத்தம்.

நான் ஒருநாளும் திட்டவில்லை. கடைசி வரை கேட்டேன் என்று வருடம் முழுக்கச் சொன்னவன், கடைசியில் இருந்த அவர் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொடுத்த மறுநாளே அவருக்குத் தெரிந்துவிட்டது, நான் தூங்குகிறேன் என்று. அதனால்தான் வேறு எதுவும் தேடவில்லை. வாரா வாரம் என் வாயால் பொய்யைக் கேட்டு, 'நம்ம ஆள் தூங்கறான்' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஒரு தரம்கூடக் காட்டிக் கொடுக்கவில்லை. நானாக இருந்தால் அன்றைக்கே ஷாப் நடுவில் நிறுத்தி மானத்தை வாங்கியிருப்பேன். அந்த மனசு எனக்கு வராது. இப்போது சொல்கிறேன், அவர் தூக்கத்தைப் பார்த்துப் பட்டதைவிட இதற்குத்தான் எனக்குப் பொறாமை அதிகம்.

அவருடையது என்று என்னிடம் இருப்பவை ஒரு கரகரக்கும் விசிறி, காதோரம் மீசை முறுக்கும் ஒரு சைகை, இந்தக் கேசட். இப்போது அதை ஒளித்து வைப்பதில்லை, செல்விக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். தினமும் மத்தியானம் போட்டுப் படுக்கிறேன். காகம் கத்துகிறது. அதற்கப்புறம் அவர் பேசுவாரே என்று காத்துக்கொண்டு கிடக்கிறேன். ஒரு பொட்டுத் தூக்கம் வருவதில்லை.

கடைசி வரைக்கும் கேட்கிறேன் பாய். சரிப்படவில்லை.