கைராசியும் தானே நகரும் மௌஸும்

என் கைக்கு ராசி உண்டு என்று ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில் ஒரு பேச்சு. நானாகக் கிளப்பிவிட்டதில்லை, மறுத்ததும் இல்லை. சின்னதாக ஓர் ஆன்லைன் சென்டர் நடத்துகிறேன். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, கல்லூரி விண்ணப்பம் என்று எதற்கு வந்தாலும், கடைசியில் சமர்ப்பிக்கும் பொத்தானை என் கையால்தான் அமுக்க வேண்டும் என்பார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு சென்டர் இருக்கிறது, ஏசியெல்லாம் போட்டு. ஏற்காட்டில் ஏசி எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். கூட்டம் என்னவோ என்னிடம்தான். என் சொந்த வீட்டுப் பட்டாவுக்கு மட்டும் அந்த ராசி பலிக்கவில்லை. இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் கரடியூர் போய்விட்டு வரும்போது பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தேன். அந்த ராசியான வலது மணிக்கட்டே உடைந்தது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள், அங்கிருந்தபடியே ஓர் ஏஐ உதவியாளரை என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். நான் வாயால் சொன்னால் போதும். அது திரையைப் பார்த்து, அம்புக்குறியைத் தானே நகர்த்திக் கட்டம் கட்டமாக நிரப்பும். கடைசிப் பொத்தானை மட்டும் மனிதர் அமுக்கட்டும் என்று காத்திருக்கும். மகள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அது ஓட்டும்போது நீ மௌஸைத் தொடாதே.

சொல்வது சுலபம். அம்புக்குறி நின்று நிதானிக்கும்போதெல்லாம் என் இடது கை பரபரக்கும். கொண்டை ஊசி வளைவில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் காலால் பிரேக் மிதிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் அந்த ரகம்.

ஒரு நாள் மூன்றரை மணிக்கு வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். எஸ்டேட்டில் வேலை செய்பவர். மகளின் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள், ஐந்து மணியோடு சரி. மகள் காய்ச்சலில் படுத்திருக்க, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பைக்குள் பை வைத்துக் கட்டி எடுத்து வந்திருந்தார். போன வருஷம் தேதியைத் தவறவிட்டு அந்தப் பெண் எஸ்டேட் வேலைக்குப் போனாளாம். இந்த முறையும் விட்டால் படிப்பு அவ்வளவுதான். பெண் கேட்டு ஆள் வந்தாயிற்று என்றார்.

தானே நகரும் அம்புக்குறியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஏனுங்கக்கா, உங்க கைராசின்னுதானுங்க இத்தன தூரம் வந்தேன். இது யாரு கைங்க?"

கட்டுப்போட்ட கையைக் காட்டி, கடைசிப் பொத்தானை நான்தான் அமுக்குவேன் என்று சமாதானம் சொன்னேன். ஆனாலும் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

நாலரைக்குள் விண்ணப்பத்தின் ஏழு பக்கமும் நிரம்பிவிட்டன. உடனே ஏஐ எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க ஆரம்பித்தது. பொத்தான் கண்ணெதிரே இருக்கிறது. இதுவோ மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. இடது கையால் மௌஸைப் பிடித்தேன். அது ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, அமுங்கியது பக்கத்திலிருந்த 'அனைத்தையும் அழி'. ஏழு பக்கமும் காலி.

பாழாய்ப்போன மெசின் தன் பிள்ளை பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது என்று அந்த அம்மா அழுதார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பாவி, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

திரையில் எழுத்து வந்தது. மௌஸ் வேறொருவர் கையால் நகர்ந்ததால் நிறுத்திக்கொண்டேன், படிவம் காலியாகிவிட்டது, முதலிலிருந்து நிரப்பட்டுமா என்று கேட்டது. குத்திக்காட்டுகிற மாதிரி ஒரு வார்த்தை இல்லை. நிரப்பு சாமி என்றேன்.

மறுபடி ஓடிபி வேண்டியிருந்தது. பனிமூட்டத்தில் டவர் கிடைக்காமல் அந்த அம்மா ரோட்டுக்கு ஓடி, எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார். நான் என் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது, அம்புக்குறி கடைசிப் பொத்தானில் வந்து நின்றது.

"நீங்களே அமுத்துங்கக்கா. இனி அந்த மெசின நம்பாதீங்க" என்றார்.

கையை வெளியே எடுத்தேன். அமுக்க வரவில்லை.

"மெசின் மேல தப்பில்லீங்க. அவசரப்பட்டு அமுத்தி அழிச்சது நாந்தானுங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நகருங்க. நானே அமுத்தறேன்."

அதுவரை மௌஸைத் தொட்டறியாத கை. எந்தப் பக்கம் அமுக்குவது என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அமுக்கினார். விண்ணப்ப எண் வந்தது. பிரிண்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வெள்ளக்கடையிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அந்த அம்மாவையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறார்கள். படிவத்தை ஏஐ நிரப்பும், பொத்தானை அவர் அமுக்குவார், நான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய்.

இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. கை நன்றாகவே வேலை செய்கிறது. போன வாரம் என் வீட்டுப் பட்டாவுக்கு மூன்றாம் முறையாக விண்ணப்பம் நிரப்பினேன், யார் உதவியும் இல்லாமல் நானே. கடைசிப் பொத்தான் வரை வந்தேன். அதை அமுக்காமல், வெள்ளக்கடை அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, நாளைக்கு ஒண்டிக்கடைப் பக்கம் வருவீங்களா?"