பில் போட்டே விற்ற கனகவல்லி

கனகவல்லி போய்விட்டார் என்ற செய்தியை ஹவுராவிலிருந்து நிமாய்தாதான் எனக்கு முதலில் சொன்னார். நிமாய்தா, அதாவது நிமாய் அண்ணன், அங்கே ஒரு சிறிய லேத் பட்டறை நடத்துகிறவர். பட்டறை மேசைகளில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் செய்பவர். "கனகாதி ஆர் நேய்" என்றார் வங்காளத்தில். கனகா அக்கா இனி இல்லை.

கல்கத்தாவில், கரியாஹாட் பக்கத்தில் ஒரு கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பேசிய ஒவ்வொருவரும் அவர் அமைதியானவர், பொறுமைசாலி, யார் மனமும் நோகாமல் நடந்தவர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. கனகாவை அறிந்த நண்பர்களே, உங்களுக்குத் தெரியாதா? அவர் பொறுமைசாலி இல்லை. அமைதியானவரும் இல்லை. செத்துப்போனதால் ஒரு மனுஷியைச் சாதுவாக்கிவிடும் வழக்கத்துக்கு நான் உடன்பட மாட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கணினிப் பிரிவு, அவர் கொள்முதல் பிரிவு. அவருடைய அப்பா துறைமுக வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச்சில் பிறந்து வளர்ந்த கனகாவுக்கு வங்காளம்தான் சரளம். ஆனால் கோபம் வந்தால் திருநெல்வேலி வந்துவிடும். ஹவுராவில் பட்டறைகளைப் பார்க்கப் பெண்கள் போக வேண்டாம், தரகர் போதும் என்று மேலாளர் ஒருமுறை சொன்னார். "ஏன் சார், அங்க உள்ள இரும்பு பொம்பளையப் பாத்தா உருகிருமா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே ஆற்றைக் கடக்கும் ஃபெரி ஏறிப் போய்விட்டார். பட்டறை விலைக்கும் தரகர் சொன்ன விலைக்கும் இருந்த வித்தியாசத்தை அவர் கண்ணால் பார்த்தது அன்றுதான். அந்த வேலையில் அதன்பிறகு அவருக்குப் பதவி உயர்வு வரவேயில்லை. சில வருடங்கள் பொறுத்துப் பார்த்து, வேலையை விட்டார். என்னையும் விடச் சொன்னார்.

"ஏட்டி சுகுணா, இன்டர்நெட்ல கடை போடுவோம். பட்டறைக்காரங்க செய்யுததை நேரா விப்போம். நடுவுல ஒருத்தனும் வேண்டாம்."

அப்போது கல்கத்தாவில் இணையத்தில் இரும்புச் சாமான் விற்கிறோம் என்றால் சிரிப்பார்கள். சிரித்தார்கள். அவருடைய ஃப்ளாட்டின் முன்னறையில் கடை தொடங்கியது. வைஸ், லேத் சக், ட்ரில், அரம். வாங்கியவர்கள் கோயம்புத்தூரிலும் லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் இருந்த சின்னச் சின்னப் பட்டறைகள்.

முதல் சில மாதங்கள் விற்பனை வரியைக் கனகா கையால் போட்டார். ஆர்டர் வரும், அவர் கணக்குப் போட்டு, வரியோடு மொத்தம் இவ்வளவு என்று மின்னஞ்சல் அனுப்புவார். அதற்குள் வாங்க வந்தவர் வேறு கடை பார்த்திருப்பார். அல்லது, பிறகு ஏன் தொகையைக் கூட்டினீர்கள் என்று சண்டைக்கு வருவார். இரண்டாயிரத்து ஐந்தில் மாநிலத்தில் வாட் வரி வந்தபோது எல்லா விகிதங்களும் மாறின. இனிக் கையால் முடியாது, வரியைக் கடையே போட்டுக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தோம். என்ன பொருள், எந்த மாநிலம், வாங்குகிறவர் பதிவு பெற்ற வியாபாரியா இல்லையா. இந்த மூன்றையும் பார்த்து வரியைப் போடும் நிரலை நான் எழுதினேன். பணம் கட்டுவதற்கு முன்பே, விலைக்குக் கீழே, தனியாக அது தெரிய வேண்டும் என்பது கனகாவின் கண்டிப்பு. "விலைக்குள்ள ஒளிச்சு வைக்காத. வரின்னு என்ன வாங்குதோம்னு அவனுக்குத் தெரியட்டும்."

அதுதான் சந்தையில் பலருக்கும் உறுத்தியது. பில் இல்லாமல் வாங்கி பில் இல்லாமல் விற்பது அங்கே ஊறிய பழக்கம். அந்த வருடம் துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு மொத்த வியாபாரி, நிமாய்தாவிடம் இருந்த வைஸ் மொத்தத்தையும் எங்கள் கடை வழியாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, பில் கூடாது. நிமாய்தா முன்னறையில் வந்து உட்கார்ந்தார். பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்குப் பூஜை போனஸ் கொடுக்க வேண்டும். கனகாவிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கனகாதி, இந்த ஒரு ஆர்டருக்கு மட்டும் வரியை நிறுத்தி வையுங்கள். சுகுணாதி ஒரு பொத்தான் வைத்தால் முடிந்துவிடுமே."

"பொத்தான் வெச்சா அது இந்த ஒரு ஆர்டரோட நிக்காது, நிமாய்தா. அந்த ஆள் நாளைக்கு உங்க விலையையும் அவன் இஷ்டத்துக்குக் குறைப்பான். பில் இல்லாம வித்ததை எந்த வாயால எதிர்த்துப் பேசுவீங்க?"

"என் ஆட்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

ஆனாலும் முடியாது என்றார் கனகா. நிமாய்தா எழுந்து போய் அந்த வியாபாரிக்கே நேராக விற்றார். எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் பின்னால் வேறு பட்டறைகளும் போயின. கனகா அழுததை நான் பார்த்தது அந்த வாரத்தில்தான். அழுதுகொண்டே வியாபாரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சிறிது காலத்தில் வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. யாரோ புகார் எழுதியிருந்தார்கள். கடையே இல்லாமல் கடை நடத்துகிறோம், மக்களிடம் வரி என்று வாங்கி ஏமாற்றுகிறோம், பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று அதில் இருந்தது. எங்கள் கணக்கர், கொஞ்சம் பணிந்து பேசுங்கள் என்றார். கனகா ஒரு மஞ்சள் டாக்ஸியைக் கூப்பிட்டார். கடையின் நகல் இருந்த கணினியையும் பெட்டி போன்ற அந்தப் பெரிய மானிட்டரையும் பின்சீட்டில் ஏற்றினோம். அலுவலகத்தில் லிஃப்ட் ஓடவில்லை. படிக்குப் படி இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மூன்று மாடி ஏற்றினோம்.

"என்ன இதெல்லாம்?" என்றார் அதிகாரி.

"கடை எங்கன்னு கேட்டிருந்தீங்க. கொண்டு வந்திருக்கேன். வாங்கிப் பாருங்க."

பேச்சு முழுவதும் வங்காளத்தில்தான் நடந்தது. என் நினைவில் மட்டும் கனகா அங்கே திருநெல்வேலித் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வைஸ் வாங்கினார். தன் கல்கத்தா முகவரியைக் கொடுத்தார். உள்ளூர் வரி வந்தது. கோயம்புத்தூர் என்று மாற்றினார்; வரி மாறியது. "யார் மாற்றியது?" என்றார். "நீங்கதான். ஊரை மாத்தினீங்க, வரி மாறிச்சு." அடுத்து அவர் யோசித்து ஒன்று செய்தார். வாங்குபவர் தானே, கல்கத்தாவில். ஆனால் பொருள் போக வேண்டியது பாட்னாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு. திரையில் உள்ளூர் வரியே வந்தது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரக்கு எல்லை தாண்டுகிறது அம்மா. இதற்கு மத்திய விற்பனை வரி. உங்கள் இயந்திரம் தப்பாகப் போடுகிறது."

பில் எந்த முகவரிக்கு என்பதைத்தான் நிரல் பார்த்தது. சரக்கு எங்கே போகிறது என்பதைப் பார்க்கவில்லை. எங்கள் இருவருக்குமே அது தோன்றியிருக்கவில்லை.

"தப்புதான்" என்றார் கனகா, உடனே. "ஏட்டி, இங்கேயே திருத்து."

"இது ஆபீஸ்" என்றார் அதிகாரி.

"தப்பைக் கண்டுபிடிச்சது இங்கதானே சார்?"

அரசாங்க மேசையில் உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரோ டீ வைத்தார்கள். அதிகாரி மறுபடி பாட்னாவுக்கு அனுப்பினார். இந்த முறை சரியாக வந்தது. முகத்தில் லேசான பெருமை தெரிந்தது. அத்தோடு கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். நானாக இருந்தால் கிளம்பியிருப்பேன்.

கனகா நகரவில்லை. "இதுவரைக்கும் இப்படிப் போன பில்லை எல்லாம் எடுத்து, குறைஞ்ச வரியை நாங்க கட்டிருதோம். ஆனா நோட்டீஸ்ல ஏமாத்துதோம்னு எழுதியிருக்கீங்க. தப்பு பண்ணினோம். ஏமாத்தல. அந்த வார்த்தையை எடுக்கணும்."

"சத்தம் போடாதீர்கள்."

"வார்த்தையை எடுங்க. சத்தம் தானா நின்னுரும்."

அந்த மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதிகாரி எழுந்து மேலதிகாரியிடம் போனார். பதிவு ரத்தாகாது என்றும், குறைந்த வரியைக் கட்டினால் போதும் என்றும் பின்னர் உத்தரவு வந்தது. ஏமாற்று என்ற சொல் அதில் இல்லை. கனகா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இப்பத்தான் அவனுக்குத் தமிழ் புரிஞ்சிருக்கு" என்றார்.

மறுவருடம் அந்த மொத்த வியாபாரி வெளியூரிலிருந்து மலிவான வைஸ் இறக்கி, நிமாய்தாவைக் கைவிட்டார். நிமாய்தா ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றார். "கையை வீசிட்டா வந்தீங்க? சரக்கு எங்க?" என்று கனகா கேட்டார். பழையதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்று சாயங்காலமே அவருடைய வைஸ் மறுபடி கடையில் ஏறியது, பழைய விலையில், கீழே வரியோடு.

சென்ற வருடம் கனகாவுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் உறவினர்கள், கடையை மூடிவிட்டு ஓய்வெடு என்றார்கள். "அதுக்குத்தானே போறேன். அதுக்கு முந்தி இன்னொரு ஓய்வு என்னத்துக்கு?" என்றார். மாதக் கணக்கை என்னைப் படுக்கைக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். மருந்து மயக்கத்திலும் ஒரு தடவை நர்ஸோடு சண்டை போட்டார். நர்ஸ்தான் தோற்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தை. கல்யாணத்துக்குப் பிறகு நான் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. எங்கள் வீட்டில் அதை நல்ல குணம் என்பார்கள். கூட்டாளி இறந்துவிட்டால் பதிவில் பெயரை மாற்ற வேண்டும் என்பதால் போன வாரம் வரி அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக வந்த ஒருவர் நிமிர்ந்தும் பார்க்காமல், கடையை மூடிவிட்டதாக எழுதிக் கொடுங்கள், வேண்டுமானால் பிறகு புதிதாக விண்ணப்பியுங்கள் என்றார். எழுந்து நின்றேன். என் வாயிலிருந்து வந்த சத்தத்தில் நானே திடுக்கிட்டேன். மூட மாட்டேன் என்றேன். என்ன விதியின்படி மூடச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் விதிப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் உட்காரவில்லை.

பெயர் மாற்றம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இன்று காலையும் ஹவுராவிலிருந்து ஒரு பெட்டி கிளம்பிப் போனது, பில்லோடு.