எண்ணூரில் அறுபது டன் இழுக்கும் டக்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாராந்திர லீவு. என் தோஸ்து சேவியர் கேப்டனாக இருக்கும் புது டக்கை, அதாவது கப்பல்களை இழுக்கும் படகை, பார்க்கப் போனேன். ஆசையால் அல்ல, வயிற்றெரிச்சலால். நானும் டக் ஓட்டுகிறவன்தான், ஆனால் பார்ஜ் என்கிற சரக்கு மிதவையை இழுக்கும் பழைய டக்.

திருவொற்றியூர் ஸ்டேஷனிலிருந்து அத்திப்பட்டு புதுநகர் வரை ரயில், ஐந்து ரூபாய். அங்கிருந்து துறைமுக வாசலுக்கு ஆட்டோ, நூற்றைம்பது. வள்ளூர் தாண்டும்போது டிரைவர் கேட்டார்.

"டூட்டிக்கா சார்?"

"தோஸ்து டக்க பாக்கப் போறேன்."

"புச்சா வந்துகீதே, அதுவா? செம்மயா கீதுபா."

அதற்குப்பிறகு நான் அவரிடம் பேசவில்லை.

விவரம் கேட்பவர்களுக்கு: நீளம் முப்பத்திரண்டு மீட்டர், இரண்டு இன்ஜின். கரைத் தூணில் கயிற்றைக் கட்டி இழுத்து அளக்கும் பலம் அறுபது டன். என்னுடையது எட்டு. புது டக்கின் புரொப்பல்லர்கள் முழு வட்டமாகத் திரும்பும் என்பதால் பக்கவாட்டிலும் போகும். திருப்ப ஸ்டியரிங் வீலே கிடையாது, இரண்டு கைப்பிடிகள்தான். ஓட்டும் அறையில் ஏசி வேறு.

ராயபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். கடலுக்கு வந்ததும் ஒரே வருடம். அவன் பரீட்சை மேல் பரீட்சையாக எழுதினான், நான் எழுதவில்லை. அதனால் எரிச்சல் குறைந்துவிடுமா என்ன?

சேவியர் என்னை ஏற்றிக்கொண்டு டக்கைக் கப்பல் எதுவும் இல்லாத பக்கமாகக் கொண்டுபோய், "புடிச்சிப் பாரு மாமு" என்று கைப்பிடிகளைக் கொடுத்தான். நன்றாகத்தான் போனது. திருப்பிக்கொண்டு வரும்போது கரை நெருங்கியதும் என் வலது கை தானாக மேலே போய்க் காற்றைப் பிடித்து இழுத்தது. என் டக்கில் அங்கே மணிக்கயிறு தொங்கும். இரண்டு தடவை அடித்தால் கீழே இன்ஜின் டிரைவர் ரிவர்ஸ் போடுவார்.

சேவியர் கைப்பிடிகளைத் திருப்பினான். டக் அப்படியே நின்றது.

"இங்க மணியெல்லாம் கெடையாது மாமு," என்றான். சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். டீ கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"எனக்குக் கீழ ஒரு எடம் காலியா கீது. வர்றியா? இல்லாங்காட்டி வேற ஆள எட்த்துருவாங்க."

போக நினைப்பவர்களுக்கு: உள்ளே வேலை செய்பவர் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆதார், மூடிய ஷூ கட்டாயம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போங்கள், அந்த வாசல் பக்கம் கடை அதிகம் இல்லை.

இரண்டு நாள் யோசித்தேன். அவனைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டும். நினைத்தாலே நாக்கு கசந்தது. ஆனால் வேறு எவனோ அந்தக் கைப்பிடிகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பான் என்று நினைத்தபோது அதைவிட அதிகமாக எரிந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.