ஹீட்டர் பேகமும் நனைந்த செருப்பும்

மூன்றே முக்கால் கிலோ. பல்லடத்தில் ஒரு வீட்டு ஹீட்டரைத் திறந்து சாஜிதா பேகம் சுரண்டி எடுத்த உப்புக் கட்டியின் எடை அது. தொட்டியின் கொள்ளளவு இருபத்தைந்து லிட்டர். வாங்கி நாலு வருஷம்கூட முடியவில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவ்வளவையும் வயர் கூடையில் போட்டு, பஸ் பிடித்து, கோயமுத்தூர் கோட்டைமேட்டில் இருக்கும் தன் கடைக்குக் கொண்டுவந்தார். பக்கத்து மளிகைக் கடைத் தராசில்தான் எடை போட்டது. "சுண்ணாம்பு யாவாரமும் ஆரம்பிச்சுட்டீங்களாக்கா?" என்றார் மளிகைக்காரர்.

கடை அலமாரியில் பதினோரு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் பெயர் ஒட்டியிருந்தது: சூலூர், பல்லடம், அவிநாசி என்று. உள்ளே அந்தந்த ஊர் ஹீட்டர்களில் இருந்து எடுத்த உப்பு. சிறுவாணித் தண்ணீர் வரும் தெருக்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பாட்டில்தான். அதன் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் கிடந்தது.

ஹீட்டர் வாங்க வருகிறவர்கள் கம்பெனிப் பெயரையும் லிட்டரையும் சொல்லிக்கொண்டே படியேறுவார்கள். சாஜிதா கேட்பது வேறு. "ஊடு எங்கீங்க? நல்ல தண்ணீங்களா, போர் தண்ணீங்களா?" பதில் வந்ததும் அந்த ஊர் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைப்பார். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு.

அவிநாசி ரைஸ் மில்காரர் அங்கப்பன் ஐம்பது லிட்டர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"ஊட்ல எத்தனை பேருங்க?"

"நானும் ஊட்டுக்காரியுந்தானுங்க."

"மிச்சத் தண்ணியில நெல்லு அவிக்கப் போறீங்களா?"

அங்கப்பன் பதினைந்து லிட்டரோடு போனார். வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டியைத் திறந்து கழுவ வேண்டும் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் சாஜிதா அவரை விட்டார். தொட்டிக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பியான காயிலில் உப்பு ஏறினால் அது கரண்டைத் தின்னும், தண்ணீரைச் சுட வைக்காது, ஒரு நாள் வெடித்தும் போகும். இதை அவர் ஒருவர் விடாமல் சொல்லுவார். கேட்காதவர்களுக்கு அடுத்த வருஷம் கார்டு போட்டு ஞாபகப்படுத்துவார்.

தொழில் முதலில் அவர் கணவர் ரசாக்குடையது. 1990இல் ஒரு வீட்டுப் பரண் ஏணியிலிருந்து விழுந்து ரசாக்கின் இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து உட்கார எட்டு மாதம் ஆனது. ஏணி ஏறுவது அதோடு முடிந்தது. அதற்கு முன்பே வீட்டு முற்றத்தில் தொட்டிகளைக் கழுவிக் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சாஜிதாதான். கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆரம்பத்தில் கதவைத் திறந்தவர்கள் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

"பாய் வரலீங்களா?"

"பாய் கடையில இருக்காருங்க. ஹீட்டரு எங்கீங்க இருக்குது?"

ஐந்து வருஷத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 'ஹீட்டர் பேகம்' என்று பெயரே வந்துவிட்டது. "கடை எம் பேர்ல, ஏணி அவ பேர்லங்க" என்று ரசாக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பார்.

1995 டிசம்பர், முதல் செவ்வாய்க்கிழமை காலை, மளிகைக் கடைக்குப் போன் வந்தது. கூப்பிட்டவர் சூலூர் திருமூர்த்தி. எட்டு விசைத்தறி வைத்திருப்பவர்.

"பேகம்மா, பெரிய ஹீட்டரா ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க. ஊட்டுக்காரி கொழந்தையோட பொறந்த ஊட்டுல இருந்து வந்து பத்து நாளாச்சு. இருக்கற ஹீட்டர் தண்ணிய கொழந்தைக்கு ஊத்தமாட்டேன்னு அடுப்புலயே காய வெக்கறா. பத்தலையோ என்னமோ. அம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சே நின்னுபோச்சுங்க. பழசோ புதுசோ, நாளைக்குக் காலையில கொழந்தைக்கு ஹீட்டர் தண்ணிதான்னு அம்மா சொல்லிப்போட்டாங்க."

"பழசப் பாத்துப்போட்டு சொல்றேனுங்க. இப்பவே வாரேன்."

அந்தப் பழசைப் பொருத்தியது சாஜிதாதான், 1992இல். ஒரு தாய் தன் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்கிறாள் என்றால், அளவு போதாததுதான் காரணம் என்று அவருக்குத் தோன்றவில்லை. புது ஹீட்டர் எதையும் எடுக்காமல் கூடையோடு சூலூர் பஸ் ஏறினார்.

திருமூர்த்தியின் அம்மா குழந்தையம்மாள் காப்பி கொடுத்தார். குளியலறைக் கதவைத் தள்ளியதும் சாஜிதாவின் கண்ணில் முதலில் பட்டது ஹீட்டர் அல்ல. கதவு மூலையில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. வார் இன்னும் ஈரமாக இருந்தது. வாசற்படி தாண்டி யாரும் செருப்பு போடாத வீடு அது.

அவர் பார்வை போன இடத்தைக் குழந்தையம்மாளும் பார்த்தார்.

"அதையேனுங்க கேக்கறீங்க. செருப்பு போட்டுக்கிட்டுத் தண்ணி வாத்துக்கற மருமகள எங்கீயாச்சும் பாத்திருக்கறீங்களா? காலு பூமியில படக்கூடாதாட்ட இருக்குது."

"நீங்க எப்படிங்கம்மா வாத்துக்குவீங்க?"

"நானு தண்ணி காஞ்சதும் சுவிச்ச நிறுத்திப்போட்டுத்தான் உள்ளயே போவேன். கரண்டு என்ன சும்மாவா வருது?"

"உங்க பையன்?"

"அவனுக்குத் தறிக் குடோன் தொட்டியில பச்சத் தண்ணிதான்."

சுவிட்ச் போட்டிருக்கும்போது குளிப்பது அந்த வீட்டில் ஒரே ஓர் ஆள்தான். சாஜிதா சுவிட்சைப் போட்டார். கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்டரைக் கூடையிலிருந்து எடுத்துக் குழாயில் வைத்தார். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

சமையலறையில் திருமூர்த்தியின் மனைவி சாந்தாமணி, குழந்தை மிதுனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுப்பருகே நின்றிருந்தார். அடுப்பில் ஓர் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தையம்மாளும் தன் காப்பி டம்ளரோடு பின்னாலேயே வந்தார். சாஜிதா நேராகக் கேட்டார்.

"அம்மணி, அந்தத் தண்ணி சுடுதா, அடிக்குதா?"

சாந்தாமணி மாமியாரை ஒரு பார்வை பார்த்தார். "பரவால்லீங்கக்கா."

"பரவால்லைன்னா செருப்பு எதுக்குங்க?"

"…அடிக்குதுங்க. கொழாயத் தொட்டா முழங்கை வரைக்கும் இழுக்குது."

"அட, இத ஊட்ல சொல்லக்கூடாதுங்களா?"

"வந்த மறுநாளே அத்தைகிட்டச் சொன்னனுங்க."

"எங்கிட்டயா? என்னன்னு சொன்ன?" என்றார் குழந்தையம்மாள்.

"ஹீட்டர்த் தண்ணி சுரீருங்குதுங்க அத்தைன்னு சொன்னனுங்க."

குழந்தையம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தப் பேச்சு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "சுடுதண்ணின்னா சுரீருன்னுதான் இருக்கும், பச்சத் தண்ணி கலந்துக்கன்னு சொல்லிப்போட்டேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மருமகள் சொன்னது ஷாக். மாமியார் காதில் விழுந்தது சூடு. இரண்டாம் முறை சொன்னால் எதிர்த்துப் பேசியது போல் ஆகிவிடுமே என்று சாந்தாமணி வாயைத் திறக்கவில்லை. தன் காலுக்குச் செருப்பு, பிள்ளைக்கு அடுப்பு என்று பத்து நாளை ஓட்டியிருந்தார்.

சாஜிதா மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, தொட்டியைத் திறந்தார். உப்பு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. அதற்குள்ளே காயிலின் உறை நீளமாகக் கீறியிருந்தது. கரண்ட் கசிந்தது அதன் வழியாகத்தான். தொட்டியைச் சுரண்டிக் கழுவிப் புதுக் காயிலைப் போட்டு மூடுவதற்குப் பன்னிரண்டு மணி ஆனது. டெஸ்டரை மறுபடி குழாயில் வைத்தார். எரியவில்லை.

"அவ்வளவுதானுங்களே?" என்றார் தறிக் குடோனிலிருந்து வந்துசேர்ந்த திருமூர்த்தி.

"இல்லீங்க. காயில் கீறுனா கரண்டு எர்த் கம்பி வழியா மண்ணுக்குப் போயிருக்கோணும், பியூஸ் போயிருக்கோணும். ஏன் உங்க ஊட்டுக்காரி கைக்கு வந்துச்சு? அடுத்த காயிலும் ஒரு நாள் கீறத்தான் போகுது."

குளியலறைச் சுவருக்குப் பின்னால் போனார். எர்த் கம்பி மண்ணில் இறங்கும் குழி அங்கேதான் இருந்தது. கரியும் உப்பும் போட்டு மூடிய மண், கோடையில் வறண்ட குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஹீட்டர் பொருத்தியபோது, குளித்த தண்ணீர் அந்தக் குழியை ஒட்டித்தான் ஓடும். மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். இப்போது சுவரோரம் ஒரு சிமென்ட் கால்வாய் பளபளத்தது.

"இதெப்பங்க கட்டுனீங்க?"

"ஆனியில கட்டினதுங்க. ஒரு சொட்டு வீணாகாம அத்தனையும் வாழைக்குப் போகுதுங்க" என்றார் திருமூர்த்தி பெருமையாக.

"வாழை நல்லாத்தான் இருக்குது. குழிதான் காஞ்சுபோச்சு. ஈரமில்லாத மண்ணு கரண்ட வாங்காதுங்க."

திருமூர்த்தி நம்பாத மாதிரி நின்றார். சாஜிதா வாதாடவில்லை. ஒரு நாற்பது வாட் பல்பை எடுத்து, ஒரு வயரை லைனிலும் இன்னொன்றை எர்த் கம்பியிலும் கொடுத்துக் குளியலறை வாசலில் தொங்கவிட்டார். மண் கரண்டை வாங்கினால்தான் அது எரியும். உள்ளே இழை மட்டும் நூல் போல மங்கலாகச் சிவந்தது.

"குழியில தண்ணி ஊத்துங்க."

திருமூர்த்தி குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினார். மூன்றாவது குடம் வரை ஒன்றும் ஆகவில்லை. குழந்தையம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது குடம் இறங்கி மண் கறுத்த கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஏறத் தொடங்கியது.

"எரியுது, எரியுது! இன்னும் ஊத்து கண்ணு!"

பத்தாவது குடத்தில் பல்பு முழுசாக எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து திருமூர்த்தி ஓடிவந்து பார்த்தார்.

சாஜிதா வயரைச் சுருட்டினார். "இதுல என் தப்பும் இருக்குதுங்க. குழிக்குத் தண்ணி வேணும்னு அன்னைக்கே சொல்லியிருக்கோணும். அதான் குளிக்கற தண்ணி போகுதேன்னு விட்டுட்டேன். இனி வாரத்துக்கு ரெண்டு குடம் ஊத்திப்போடுங்க. பெரிய ஹீட்டர் உங்களுக்கு வேண்டாம். நாலு பேருக்கு இதே தாராளம்."

குழந்தையம்மாள் மூலையில் கிடந்த நீலச் செருப்பை எடுத்து, தட்டி, வாசலில் மற்ற செருப்புகளோடு விட்டார். திரும்பி வந்து மருமகளிடம் தானாகவே பேச்சை ஆரம்பித்தார்.

"சுரீருங்குதுன்னா எனக்கு என்ன தெரியும் அம்மணி? ஷாக் அடிக்குதுன்னு சொல்றதுதானே?"

"சொல்லலாமுன்னுதான் இருந்தனுங்க அத்தை."

"எப்ப? எனக்கும் அடிச்சதுக்கப்புறமா?"

சாந்தாமணி சிரித்துவிட்டார். அடுப்பை அணைத்தார்.

கிளம்பும் முன் சாஜிதா அந்த வீட்டு உப்பில் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டார். சூலூர் பாட்டிலில் இன்னும் இடம் இருந்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு மிதுனுக்கு ஹீட்டர் தண்ணீரில் குளியல் நடந்தது. வியாழக்கிழமை சாஜிதா மறுபடி சூலூர் பஸ் ஏறினார். கரண்ட் கசிந்தால் அந்த நொடியே தானாக அணைந்துவிடும் டிரிப் சுவிட்ச் ஒன்றை அந்த வீட்டில் மாட்ட வேண்டியிருந்தது.